கேபிள் ஐம்பது, அக்கா சரி என்றார்

அந்த வகுப்பில் அவளுக்கு மட்டும் முப்பத்துநான்கு வயது. மற்றவர்கள் எல்லாரும் இருபதைத் தாண்டினால் பெரிது. சேர்ந்த முதல் நாள் காலையில் யாரோ ஒரு பையன் "அக்கா, இந்த பெஞ்சுல யாராவது இருக்காங்களா?" என்று கேட்கப்போக, மாலைக்குள் அலுவலக எழுத்தர் வரைக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள். பேராசிரியை அவளைவிட நான்கு வயது இளையவர். அவரும் ஒருநாள் வருகைப் பதிவின்போது வாய் தவறி "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, வகுப்பு சிரித்து ஓயும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பின் பெயர் நீளம். அதை வீட்டில் மகளுக்காகச் சுருக்கி வைத்திருந்தாள்: "தண்ணிக்குள்ள எறங்காமலே, அடியில என்ன கிடக்குதுன்னு கண்டுபிடிக்கிற படிப்பு." ஏழு வயது மகள் உடனே தீர்ப்புச் சொன்னாள்: "அப்பா எறங்கிக் கண்டுபிடிக்கிறாரு. நீ எறங்காம கண்டுபிடிக்கிறே. அப்ப நீதான் சோம்பேறி."

அப்பா துறைமுகத்தில் டைவர். டைவர் என்றதும் வண்ண மீன்களுக்கு நடுவே மிதக்கிற ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். துறைமுகத் தண்ணீருக்குள் கையை நீட்டினால் சொந்த விரல் தெரியாது. எல்லாம் தடவல் வேலைதான். ஒரு எடைக்கல்லைக் கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்குவார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே போவார். சேற்றில் கல்லைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தடவித் தேடுவார். கல் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று சொல்வது அவர் அல்ல. அதை அளவைக்காரர்கள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். காகிதத்தில் இருப்பது இரண்டே எண்கள். அதற்குப் புள்ளி என்று பெயர்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் அப்படி ஒரு புள்ளியில் இறங்கி, அங்கே இல்லாத பொருளை நாற்பது நிமிடம் தேடினார். நீரோட்டம் அடங்கியிருக்கிற நேரம் முடிந்து, தண்ணீர் இழுக்கத் தொடங்கியது. காற்றுக் குழாய் ஒரு பழைய தூணில் சுற்றிக்கொண்டது. ஒருவழியாக மேலே வந்து, வீடு வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவள்தான் போட்டுவிட்டாள்.

"புள்ளி குடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"யாரோ. நல்லவங்கதான். பேன்ட்டு நனையாத வேலை" என்றார் அவர்.

அப்போது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். கல்யாணத்தோடு மூடி வைத்த இயற்பியல் பட்டம் பெட்டியில் தூங்கியது. இரண்டு வருடம் மென்று விழுங்கிவிட்டு, ஒருநாள் விண்ணப்பப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆகா என்றும் குதிக்கவில்லை. "அப்போ காலைல பாப்பாவுக்குத் தலை பின்னுறது என் வேலை" என்றார்.

அன்றிலிருந்து மகளின் வகிடு கோணல்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வகிடு நேராக இருக்க, இவளுக்கு மட்டும் நெற்றியில் தொடங்கி இடது காது வரைக்கும் உலா போய்வரும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த வகிட்டைப் பார்ப்பாள். "இன்னிக்கு எட்டு டிகிரி விலகல்" என்று அவரைச் சீண்டுவாள். உள்ளுக்குள் அந்தக் கோணல் வகிட்டுக்கு அவள் பட்ட நன்றிக்கு அளவே இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் மனிதர் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார் என்பதால்தான் சீண்டல்.

செய்முறைப் பயிற்சிக்கு இருவர் ஒரு குழு. அக்காவுக்கு வாய்த்தவள் வாளி. அது அவள் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பல்கலைக்கழகத்தின் அளவைப் படகில் முதல்நாள் ஏறி, கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே வாந்தி எடுத்தவள் அவள். அதற்குப் பிறகு நீல நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று இல்லாமல் படகில் கால் வைப்பதில்லை. "கடல் ஒத்துக்காதுன்னு தெரிஞ்சும் ஏம்மா கடல் படிப்புக்கு வந்தே?" என்று, கேபிளை இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டுகிறவர் கேட்டபோது, வாளியிலிருந்து முகத்தை எடுத்து, "கடலுக்குத்தான் என்னைப் பிடிக்கலை. எனக்குக் கடலைப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

திரையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். ஆகவே வேலை தானாகவே பிரிந்தது. அறைக்குள் கணினித் திரைகளுக்கு முன்னால் அக்கா, பின்தளத்தில் திறந்த காற்றில் வாளியும் வாளியும். பின்தளத்து வேலை சின்னதுதான். படகுக்குப் பின்னால் ஒரு சோனார் கருவியைக் கேபிளில் கட்டி இழுப்பார்கள். ஆள் நீளத்துக்கு, துடுப்பு வைத்து, பார்க்க மீன் மாதிரியே இருப்பதால் அதற்கு மீன் என்றே பெயர். மீன் இருபுறமும் ஒலியை வீசி, திரும்பி வருவதைக் கேட்டுக் கடலடியைப் படமாக வரையும். மேடான பொருளுக்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் படத்தில் நிழலாக விழும். இடம் காட்டும் கருவியோ படகில் இருக்கிறது. மீன் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கேபிள் எத்தனை மீட்டர் வெளியே போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு சிவப்பு டேப்பும், நடுவே ஐந்தாவது மீட்டரில் ஒரு வெள்ளை டேப்பும் கேபிளில் சுற்றியிருக்கும். அதை எண்ணி வாக்கிடாக்கியில் சொல்வதும், நேரம் போட்டு லாக் என்கிற குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதும் வாளியின் வேலை.

லாக் எழுதுவதற்குப் பேராசிரியை வைத்த சட்டங்கள் இரண்டு. நடந்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. தப்பாக எழுதினால் கிறுக்கி மறைக்கக் கூடாது, படிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்தை வாரம் ஒருமுறை சொல்லிச் சொல்லியே அவருக்கு ஒற்றைக்கோடு என்று பட்டப்பெயர் வந்துவிட்டது.

வாளி முதல் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றினாள். அவளுடைய லாக்கில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "10:20 கோடு மூன்று தொடக்கம். 10:26 வாந்தி. 10:31 கேபிள் 25, மாற்றமில்லை. 10:33 வாந்தி, சிறிது." அக்கா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வருடக் கடைசிப் பயிற்சிக்குத் துறைமுகமே ஒரு நிஜ வேலையைக் கொடுத்தது. கால்வாயில் மிதவை ஒன்றைப் பிடித்து நிறுத்தியிருந்த காங்கிரீட் கட்டி, படகில் கட்டி இழுத்துப் போகும்போது கயிறு அறுந்து எங்கேயோ விழுந்துவிட்டது. ஒரு பழைய அலமாரி அளவுக்குக் கட்டி. ஆழம் பதினெட்டு மீட்டர். மாணவர்கள் தேடிப் புள்ளி கொடுக்க வேண்டும், துறைமுக டைவர் அந்தப் புள்ளியில் இறங்கிக் கட்டியில் கயிறு மாட்ட வேண்டும். ஒற்றைக்கோடு ஒவ்வொரு குழுவுக்கும் கால்வாயின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தார். "ஒரு குழுவுக்கு ஒரே புள்ளி. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா குடுத்ததுதான். அப்புறம் வந்து மாத்திக்கிறேன்னு நின்னா இந்தப் பயிற்சியில பூஜ்யம், அடுத்த வருஷம் திரும்ப வரணும். உங்க புள்ளியை நம்பி ஒரு ஆள் கீழ போறாரு" என்றார்.

அந்த ஆள் யார் என்று அக்காவுக்குத் தெரியும். அவருக்குத்தான் அவள் காலையில் டிபன் பாக்ஸ் மூடியைத் தேடிக் கொடுத்திருந்தாள்.

கட்டி அக்காவின் பகுதியில்தான் விழுந்திருந்தது. முதல் கோடு, வடக்கு நோக்கி. பாதி தூரத்தில் திரையில் மங்கலாக ஒரு மேடு எட்டிப் பார்த்தது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கோடு முடிந்து படகு திரும்பும்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள், சுருக்கினாள், நிழலை அளந்தாள், மறுபடி பெரிதாக்கினாள். இரண்டு வருடம் பாடமாகப் படித்தது கண்முன்னே நிஜமாகக் கிடக்கிறது, தலைகால் புரியவில்லை.

"மீன் ரொம்ப மேல பறக்குது, அதான் படம் மங்கல்" என்று பின்தளத்திலிருந்து வின்ச்காரரின் குரல் வந்தது. கேபிளை நீளவிட்டால் மீன் கீழே இறங்கும். வின்ச் ஓடும் சத்தம் கேட்டது. வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, கேபிள் அம்பது."

"சரி சரி" என்றாள் அக்கா, நிழலை அளந்தபடி. பிறகு, பாவம் பிள்ளை எத்தனை முறைதான் வாந்தி எடுப்பாள் என்று தோன்ற, "வாளி, நீ எழுதினது போதும். போய்ப் படுத்துக்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவாகுது" என்றாள்.

எல்லாம் பதிவாகத்தான் செய்தது, கேபிள் நீளத்தைத் தவிர. அதைக் கையால்தான் தட்ட வேண்டும். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் இருபத்தைந்து என்று இருந்தது. அது அப்படியே இருந்தது.

இரண்டாவது கோடு, தெற்கு நோக்கி. இந்த முறை மீன் கடலடிக்குப் பக்கத்தில் ஓடியதால் படம் கண்ணாடி மாதிரி வந்தது. நான்கு மூலையும் கத்தியால் வெட்டியது போல ஒரு சதுரக் கட்டி, பக்கத்தில் கன்னங்கரேல் என்று நிழல். ஆனால் அது முன்பு பார்த்த மேட்டிலிருந்து இருபத்தைந்து மீட்டர் தெற்கே தள்ளிக் கிடந்தது. அப்படியானால் முதலில் பார்த்தது? மிதவையைக் கட்டியோடு பிணைக்கிற சங்கிலி கழன்று விழுந்து குவிந்திருக்கும் என்று அக்கா முடிவு கட்டினாள். ஒரே இடத்தை ஏன் எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை ஓட்ட வேண்டும் என்று பரீட்சையில் கேட்டிருந்தால், கேபிள் கணக்கில் தப்பிருந்தால் காட்டிக்கொடுப்பதற்காக என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். பரீட்சையில் யாரும் கேட்கவில்லை. கடல் கேட்டது, அவள் காதில் விழவில்லை.

தெளிவாகத் தெரிந்த படத்தின் இடத்தையே புள்ளியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மதியமே கொடுத்துவிட்டாள். வாளியும் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் அவர் குளியலறையில் டைவிங் உடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் சமையலறை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வகிடு ஆறு டிகிரி. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. குளியலறை வாசலில் நின்றுகொண்டு மீன், நிழல், மூலை, சதுரம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அப்போ நாளைக்கு உன் புள்ளியிலதான் எறங்கப்போறேன்" என்றார் அவர். "கைகால் பத்திரமாத் திருப்பி அனுப்புவியா?"

"முழுசா அனுப்பறேன். பக்கத்துல சங்கிலியும் கிடக்குது, இருபத்தஞ்சு மீட்டர் தள்ளி. முடிஞ்சா அதையும் எடுத்துட்டு வாங்க."

அவர் குழாயை மூடினார். "சங்கிலியா? தனியாவா?"

"ஆமா. கழண்டு விழுந்திருக்கும்."

"கழறாதே. கட்டி வார்க்கும்போதே சங்கிலியோட நுனியை உள்ள வெச்சு வார்த்துடுவாங்க. கட்டியை உடைச்சாத்தான் சங்கிலி வரும். எத்தனை மாட்டியிருக்கேன்!" துண்டில் கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அங்க வேற எதுவும் கிடையாது. போன மாசம்தான் தூர்வாரினாங்க. நீ பார்த்தது ரெண்டு பொருளா?"

ரெண்டு பொருள் இல்லை என்றால் ஒரே பொருளை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறாள். இருபத்தைந்து மீட்டர். அந்த எண்ணை எங்கே பார்த்தோம்? திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில்.

வின்ச் ஓடிய சத்தம் இப்போது ஞாபகம் வந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள், தானும் ஏதோ சொன்னோம். என்ன சொன்னார்கள்? எத்தனை மீட்டர்? நாற்பதா, ஐம்பதா? எத்தனை யோசித்தும் மண்டைக்குள் நிழலும் மூலையும்தான் வந்தன. எழுதி வைத்திருக்க வேண்டியவளை, போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பியதும் தானேதான்.

போனை எடுத்தாள். "வாளி, இன்னிக்கு ரெண்டாவது கோட்டுக்கு முன்னாடி கேபிள் விட்டாங்களே, உனக்கு எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லைக்கா. ஆனா... கோவப்படமாட்டீங்களே?"

"எதுக்கு?"

"நீங்க எழுத வேண்டாம்னு சொன்னீங்க. நான் எழுதினேன். படுத்தா இன்னும் குமட்டுது. எழுதிக்கிட்டே இருந்தா கொஞ்சம் தேவலை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "படி."

காகிதம் புரளும் சத்தம். வாளி வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "11:42. கேபிள் 50. அக்காவிடம் சொன்னேன். அக்கா சரி என்றார்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்றால் இவ்வளவு கச்சிதமாகவா எழுதுவது?

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். "வாளி, நீ நல்லா இருப்பே. அந்தப் புத்தகத்தை எங்கேயும் வெச்சுடாதே."

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டாள். இருபத்தைந்தை அழித்து ஐம்பது. தெற்கே இருந்த தெளிவான கட்டி வடக்கு நோக்கி நகர்ந்து, நகர்ந்து, மங்கலான மேட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்கூட இல்லை. கட்டி ஒன்றுதான். தன் புள்ளியில் ஒன்றுமே கிடையாது, வெறும் சேறு. அந்தச் சேற்றைத்தான் நாளைக் காலை அவர் வட்டம் வட்டமாகத் தடவப்போகிறார், நீரோட்டம் திரும்பும்வரை.

அவர் எதிரே உட்கார்ந்து தாளைப் பார்த்தார். ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவளுடைய முகம் புரிந்தது.

சுலபமான வழி ஒன்று மேஜையின் மேலேயே இருந்தது. டைவர் வேறு யாரோ அல்ல. எடைக்கல்லை இருபத்தைந்து மீட்டர் வடக்கே இறக்கச் சொல்லுங்கள் என்று அவர் காதில் போட்டால் போதும். கட்டி கிடைக்கும், பயிற்சி தேறும், யாருக்கும் தெரியாது. தேறாவிட்டால் இன்னொரு வருடம். இன்னொரு வருடம் அவர் தலை பின்ன வேண்டும், சோறு வடிக்க வேண்டும், தன் வேலையோடு அவள் வேலையும் பார்க்க வேண்டும். அவள் அதைச் சொல்லியே விட்டாள். "உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டா போதாதா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கிட்ட சொல்லிட்டே, நான் பொழச்சேன். ஆபீஸ்ல ஃபைல்ல இருக்குற காகிதம்? நாளைக்கே எனக்குக் காய்ச்சல் வந்து வேற ஒருத்தன் எறங்கினா, அவன் பொண்டாட்டி உன் கூடப் படிக்கலையே."

அவள் ஒற்றைக்கோட்டுக்குப் போன் போட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். தப்பு என்னுடையது, வாளி சொன்னாள், நான் கவனிக்கவில்லை, புள்ளி இருபத்தைந்து மீட்டர் தப்பு, யாரும் அதில் இறங்கக் கூடாது.

"சட்டம் என்னன்னு தெரியும்ல?" என்றார் ஒற்றைக்கோடு.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் போன் பண்றீங்க."

"எறங்கப்போறது என் வீட்டுக்காரர் மேடம். வேற யாரா இருந்தாலும் பண்ணணும். ஆனா அதை நான் யோசிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. அதையும் சொல்லிடறேன்."

பேராசிரியை சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. "புள்ளியை மாத்தறதுன்னா பூஜ்யம். அதுல மாத்தமில்லை. ஆனா அளந்த இடத்துலயே, அந்த நேரத்துலயே, மையில எழுதின லாக் இருந்தா, அதுவும் நீங்க குடுத்த பதிலோட ஒரு பகுதிதான். அதுல இருக்கிற எண்ணை வெச்சுத் திரும்பக் கணக்குப் போட்டா அது திருத்தம். மாத்தறது வேற, திருத்தறது வேற. காலைல எட்டு மணிக்குப் புத்தகத்தோட ரெண்டு பேரும் படகுத்துறைக்கு வாங்க. நான் பக்கத்தைப் பார்க்கணும். அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

காலையில் வாளி நனைந்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் நீல வாளி. ஒற்றைக்கோடு புத்தகத்தை வாங்கி, பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்காவும் எட்டிப் பார்த்தாள். 11:42க்கு நேராக ஐம்பது மட்டும் இல்லை. அதற்கு முன்னால் நாற்பது என்று எழுதி அடித்திருந்தது.

"இது என்ன?" என்றார் ஒற்றைக்கோடு.

"முதல்ல நாலு சிவப்புன்னு எண்ணினேன் மேடம். அலை அடிச்சு டேப் மேல தண்ணி. சந்தேகமா இருந்துச்சு. வின்ச் அண்ணனை நிறுத்தச் சொல்லிட்டு, கேபிளைக் கையால தொட்டு எண்ணினேன். அஞ்சு."

"எப்போ அடிச்சே?"

"அப்பவே. கையெழுத்துப் பக்கத்துலயே நேரம் போட்டிருக்கேன் பாருங்க."

போட்டிருந்தாள். நாற்பதின்மேல் ஒற்றைக் கோடு, அடியில் எண் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் குட்டிக் கையெழுத்து, 11:43. அதற்கு அடுத்த வரி: "11:44 வாந்தி." அதற்கும் அடுத்த வரி: "11:46 அக்கா படுக்கச் சொன்னார். படுக்கவில்லை."

ஒற்றைக்கோடு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். வருடக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு ஜீவன் காதில் வாங்கியிருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை போலும். புத்தகத்தை மூடி வாளியிடம் கொடுத்தார். "திருத்தம்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "உங்களுக்குப் பாதி மதிப்பெண் குறைப்பேன். இவளுக்குக் குறைக்கமாட்டேன்."

"குறைங்க மேடம்" என்றாள் அக்கா. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் இழந்ததில்லை.

டைவர் படகு கால்வாயில் நின்றபோது நீரோட்டம் அடங்கத் தொடங்கியிருந்தது. காற்றுக் குழாயைக் கவனிக்கும் உதவியாளர், டைவர் கீழே போகும்போது குழாய் எவ்வளவு போகிறது என்று ஒருவர் சொல்லவும் ஒருவர் எழுதவும் வேண்டும் என்றார். "மாணவிங்க சும்மாதானே நிக்கிறீங்க?"

"நான் சொல்றேன், வாளி எழுதட்டும்" என்று அக்கா வழக்கம்போல் ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்திக்கொண்டாள். "இல்ல. நீ சொல்லு. நான் எழுதறேன்."

வாளி குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீல வாளியை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். அக்கா லாக் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்தாள். அவர் தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவளை ஒரு பார்வை பார்த்தார், கட்டை விரலைக் காட்டினார், குதித்தார். எடைக்கல்லின் கயிறு விறைத்து நின்றது. திருத்திய புள்ளியில்.

"அஞ்சு" என்றாள் வாளி.

அக்கா எழுதினாள். 9:12, குழாய் ஐந்து.

"பத்து... பதினஞ்சு..." ஒரு இடைவெளி. வாளிக்குள் ஒரு சத்தம். வாயைத் துடைத்துக்கொண்டு, "பதினெட்டு. அடியைத் தொட்டுட்டார்."

9:15, குழாய் பதினெட்டு. அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை. படகின் ஸ்பீக்கரில் அவர் மூச்சு மட்டும் கேட்டது, உள்ளே, வெளியே. அக்கா பேனாவை அழுத்திப் பிடித்திருந்ததில் நகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட முடியாத அந்த விரல்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. இப்போது அவை சேற்றில் எதையோ தடவிக்கொண்டிருக்கின்றன, அவள் சொன்ன இடத்தில்.

ஸ்பீக்கரில் "ஆ" என்று ஒரு சத்தம் கேட்டது.

அவள் எழுந்தே விட்டாள். உதவியாளர் மைக்கைப் பிடுங்காத குறையாக எடுத்து, "என்னாச்சு?" என்றார்.

"கட்டி" என்றது குரல், மூச்சுக்கு நடுவே. "முழங்காலை நேரா அதுமேலேயே இடிச்சுக்கிட்டேன். கயித்துலருந்து ஒன்றரை மீட்டர். என் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க, கைகால் முழுசா அனுப்பறேன்னு சொன்னாளே, வலிக்குது."

படகில் எல்லாரும் சிரித்தார்கள். ஒற்றைக்கோடுகூட வாய்விட்டுச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. எழுத வேண்டிய வரி கலங்கித் தெரிந்தாலும் எழுதினாள். 9:19, கட்டி. கயிற்றிலிருந்து 1.5 மீட்டர்.

கட்டியில் கயிறு மாட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. நீரோட்டம் திரும்ப இன்னும் கால் மணி நேரம் மீதி இருந்தது. வாளி பதினைந்து, பத்து, ஐந்து என்று தலைகீழாக எண்ணினாள். தண்ணீரைப் பிளந்துகொண்டு மஞ்சள் தலைக்கவசம் எழுந்தது. ஏணியில் ஏறி உட்கார்ந்து, கவசத்தைக் கழற்றிய கையோடு, தன் மேலாடையின் கொக்கிகளைத் தானே ஒவ்வொன்றாக அவிழ்த்தார். விரல்கள் ஆடவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு குனிந்து 9:34, டைவர் மேலே வந்தார் என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள்.

வாளி முகம் கழுவிக்கொண்டு வந்து, புத்தகத்தைத் திரும்ப வாங்கி, வழக்கம்போல் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது. "9:35. வாளிக்கு நன்றி."

"அக்கா, இதெல்லாம் லாக்ல எழுதக் கூடாது" என்றாள். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. "நினைச்சதை எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல? நடந்ததை மட்டும்தான்."

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் அக்கா.

வாளி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்தாள். ஒற்றைக் கோடு போட்டு அடிக்கத்தான் போகிறாள் என்று அக்கா நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்து, நேரம் போட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"9:36. அக்கா சொன்னார். வாளி சரி என்றாள்."